குளிக்கக் கூடாத குருவி

சாரக்குழாய் சுமந்த வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. அந்த வலியில்தான் கூண்டுக் கதவு ரத்னவேலின் கையிலிருந்து நழுவியது. உள்ளேயிருந்த சோலைபாடிக் குருவி ஒரே தாவலில் சிங்கப்பூர் செங்காங் அடுக்குமாடியின் பத்தாவது மாடியைத் தாண்டி மரங்களுக்குள் போயே போய்விட்டது.

அந்தக் குருவி, வீட்டுக்காரர் ரவூப் பாயுடையது. பினாங்குக்குக் கிளம்பும்போது அவர் சொன்னது இரண்டே விஷயம்.

"தண்ணி மட்டும் மேல படக்கூடாது, சளி பிடிச்சிடும். குருவி போச்சுன்னா நீயும் ரூமைக் காலி பண்ணிடு லா."

இந்த வாடகைக்கு வேறு அறை எங்கே கிடைக்கும்?

கூண்டைக் கீழே தூக்கிப்போய், புழு வைத்துத் திறந்துவிட்டான். ஒரு மணி நேரத்தில் ஏதோ உள்ளே நுழைந்தது. கதவைச் சாத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் உற்றுப் பார்த்தான். குண்டுக்கரிச்சான்!

பாய் பீற்றிக்கொள்ளும் குருவிக்குச் செம்பழுப்பு வயிறு, முதுகுக்குக் கீழே வெள்ளை, முழ நீள வால். வால் உதிர்ந்திருக்கிறதாம், இரண்டு வருஷமாக முளைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை முதல் ஜாவா வரை அடர்காட்டில் திரியும் சாதி. இதுவோ கார்பார்க்கில் திரியும் சாதி. வயிறு வெள்ளை, முதுகு முழுக்கக் கறுப்பு.

திறந்துவிடப் போனான். போன் அடித்தது.

"நாளைக்கு வரேன். பாடுதா?"

கரிச்சான் நேரம் பார்த்துக் கத்தியது.

"பாடுது பாய்."

"மாஷா அல்லாஹ்! நாலு கூட்டாளிங்களையும் கூட்டியாரேன்."

ரத்னவேல் போனை வைத்ததும் கிளம்பினான். பாய் வழக்கமாகச் சாமான் வாங்கும் லிட்டில் இந்தியா தேக்காக் கடைக்கு ஓடி, கடைக்காரர் மகள் நஸீஹாவிடம் மருதாணிக் கோன் ஒன்று வாங்கிவந்து குருவியின் வயிற்றில் பூசினான். விடிந்து பார்த்தால் பளபளவென்று ஆரஞ்சு நிறம்.

பாய் எந்நேரமும் வந்துவிடலாம்; கூண்டை வீட்டில் விடப் பயந்து கைலியால் மூடி, ரயிலேறி மறுபடி தேக்கா. காட்டுப் பறவையைப் பிடித்ததற்கு அபராதம் வேறு போடுவார்கள். பார்க்கிறவர்களெல்லாம் அதிகாரிகளாகத் தெரிந்தார்கள்.

"இன்னொரு கோன். இன்னும் கருஞ்சிவப்பா ஏறணும்."

"யாருக்குண்ணே? அண்ணி ஊர்லல்ல இருக்காங்க?"

கைலிக்குள்ளிருந்து குருவி கத்தியது. ரத்னவேல் கைலியை இன்னும் கீழே இழுத்துவிட்டான்.

நஸீஹா கூண்டைப் பார்த்தாள். அவன் விரல் கறையைப் பார்த்தாள். கோனோடு ஒரு பவுடர் டப்பாவையும் நகர்த்தினாள்.

"இது எதுக்கும்மா?"

"முதுகுக்குக் கீழ வெள்ளை வேணாமா? தண்ணி படாமப் பாத்துக்குங்க. ரவூப் மாமா மாசாமாசம் ரெண்டையும் சேத்துத்தான் வாங்குவாரு. எங்க அத்தாகிட்ட இரவல் வாங்கின நெசக் குருவியை அவர் பறக்கவிட்டு ரெண்டு வருஷமாச்சு. அத்தாவுக்கு அவர் தரவேண்டிய சோலைபாடி இன்னும் பாக்கிண்ணே."