பீப்பி டீச்சரும் சரிஞ்ச கும்மியும்

எனக்கு எழுத்து கோணல்மாணலாத்தான் வரும். அஞ்சாங்கிளாஸோட நின்னவ. பாதி மறந்தும் போச்சு. முன்னபின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

செஞ்சிக் கோட்டையை எத்தனையோ ராஜாக்கள் பிடிச்சாங்களாம். ஆனா எங்க பீப்பி டீச்சர் ஒரு முடிவு எடுத்துட்டா, எந்தப் படை வந்தாலும் அதைப் பிடிக்க முடியாது.

அவங்க ஹைஸ்கூல் டிரில் டீச்சர். கழுத்துல தாலியும் விசிலும் சேர்ந்தே தொங்கும். காக்கா சோத்துக்கு வந்தாலும் விசில், கலெக்டர் வந்தாலும் விசில். நான் அங்க மணி அடிச்சு, பானைக்குத் தண்ணி ஊத்துற ஆளு. யாராவது பேச்சுக் குடுத்தா கதவுக்குப் பின்னால போயிடுவேன்.

அறுபதுகள்ல ஒரு வருஷம் கடலூர்லேர்ந்து கடிதாசி வந்துச்சு. ஹைஸ்கூல் பொண்ணுங்களுக்கு மூணு நாள் நடனப் பயிற்சி. கடைசி நாள் மேடையில ஆடணும்.

"நம்மகிட்ட டான்ஸ் டீச்சர் இல்லியே"ன்னார் ஹெட்மாஸ்டர்.

"நான் இருக்கேன் சார்."

"உங்களுக்கு ஆடத் தெரியுமா?"

"தெரியாது சார். நீச்சலும் கெணத்துல குதிச்சப்புறம்தான் தெரிஞ்சுது."

"அங்க போய் நாலு பேர் சிரிச்சுட்டா, அதோட இந்தப் பள்ளிக்கூடத்துல டான்ஸுங்கிற பேச்சே கூடாது."

"சரி சார்"னு சொல்லிட்டு, வெளியே வந்து ஒரு விசில் ஊதினாங்க. எட்டுப் பொண்ணுங்க ஓடி வந்துச்சுங்க.

நடவு நடுற பொம்பளைங்ககிட்ட போயி, புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, சேத்துல நின்னே கும்மி கத்துக்கிட்டு வந்தாங்க. வட்டமா ஆடினா யார் தப்பு பண்றான்னு தெரியலைன்னு, டிரில்லுக்கு நிக்கிற மாதிரி ரெண்டு வரிசையா நிக்க வெச்சாங்க. அப்படி ஒரு கும்மியை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க.

கடைத்தெரு மளிகைக்காரர் பொண்ணு சரோஜா நல்லா ஆடுவா. அவ நைனா சண்டைக்கே வந்துட்டார். "இன்னா டீச்சர், எம் பொண்ணு மேடையில ஆடுறதா?"

"உங்க தராசு முள்ளு நாள் பூரா எல்லார் முன்னாலயும் ஆடுதே, அத நிறுத்துனீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மறுநாள் ஒரு பொட்டலம் பொட்டுக்கடலையும் வெல்லமும் வந்துச்சு.

மைதானத்துல பசங்க பந்தாட்டம். அதனால கோட்டை அடிவாரத்துப் பாறையில ஒரு மாசம் பழகினோம். பாட்டு நடுவுல கொரங்கு வந்தாலும் கும்மி நிக்கக் கூடாது. நின்னா விசில்.

கடலூருக்குப் புள்ளைங்களுக்குத் துணையா என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க. பஸ்ஸுலயும் விடலை. "கைதட்டு மட்டும் பழகுங்க"ன்னு ஒரு விசில் ஊதினாங்க. பஸ் நின்னுடுச்சு. ரெண்டு ஊதினாங்க, கெளம்பிடுச்சு. இப்படியே விழுப்புரம் வரைக்கும் நின்னு நின்னு போச்சு.

கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "யம்மா, இந்தப் பையையும் நீயே மாட்டிக்க. நான் எறங்கிக்கிறேன்."

முதல் ரெண்டு நாள் அவங்க கத்துக்குடுத்ததைத்தான் ஆடினோம், எங்க கும்மியை ஆடலை. நல்லாத்தான் போச்சு. மூணாம் நாள் காலையில மேடையில ஒத்திகை. பாட்டு ஆரம்பிச்சுது. ரெண்டு வரிசையும் கொஞ்சங்கொஞ்சமா இடது பக்கமா நகருது. நாலாவது அடியில சரோஜா மேடை ஓரத்துக்கே போயி, திரைச்சீலையைப் புடிச்சிக்கிட்டுத் தொங்குறா. மத்த பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க விழுந்து விழுந்து சிரிச்சுதுங்க.

ஜென்மத்துல முதல் தடவையா நானா வாயைத் தொறந்தேன். "டீச்சர், பாறை சரிவாச்சே. மலை எப்பவும் இடது கைப்பக்கம். புள்ளைங்க மேட்டுப் பக்கமே சாஞ்சு ஆடிப் பழகிடுச்சுங்க."

டீச்சர் தலையில அடிச்சிக்கிட்டாங்க. நேரா நிகழ்ச்சி நடத்துறவர்கிட்ட போனாங்க. "அய்யா, மேடைக்கு வலது பக்கம் ரெண்டு செங்கல் எடுத்துடுங்க."

அவர் முழிச்ச முழி இருக்குதே!

முடியாதுன்னதும் திரும்பி வந்து, "ஏ புள்ளைங்களா, சரியறது சரிஞ்சுக்கட்டும். நான் விசில் குடுத்ததும் அபவுட் டர்ன். அப்ப இந்தாண்ட சரியும். அவ்ளோதான்"னாங்க.

சாயந்திரம் மேடை ஏறப் போறப்ப அடுத்த இடி. "நிகழ்ச்சி நடுவுல விசில் ஊதக் கூடாதும்மா"ன்னுட்டார் நிகழ்ச்சி நடத்துறவர்.

டீச்சர் விசிலைக் கழட்டினாங்க. அதைக் கழட்டி நான் பார்த்ததே இல்லை. என் கையில வெச்சு அழுத்தினாங்க. "வெச்சிரு. நான் வாயாலயே ஊதிக்கிறேன்."

மேடைக்குக் கீழே நடுவுல போய் நின்னுக்கிட்டாங்க. கும்மி சரிஞ்சு ஓரத்துக்குப் போறப்ப, வெறும் வாயில கன்னம் ரெண்டும் உப்ப ஊதினாங்க. சத்தமே இல்லை. எட்டும் ஒண்ணா திரும்புச்சு. அந்தாண்ட போச்சு. முதுகு காட்டி ஆடுறப்பவும், குனிஞ்சு தட்டுற சாக்குல தோளுக்கு மேல டீச்சரையே பார்த்துக்கிச்சுங்க. மறுபடி கன்னம் உப்புச்சு, இந்தாண்ட வந்துச்சு. "அடேயப்பா, கடல் அலை மாதிரியே வெச்சிருக்காங்க!"ன்னு கூட்டம் கைதட்டுது. ஒருத்தரும் சிரிக்கலை.

ஊருக்கு வந்ததும் ஹெட்மாஸ்டர் கேட்டாராம், "அடுத்த வருஷம் எத்தனை பொண்ணுங்க?"ன்னு. டீச்சர் பதினாறுன்னாங்க.

எங்களுக்குக் குடுத்தது மூணாம் பரிசா, ஆறுதல் பரிசான்னு எனக்கு ஞாபகம் இல்லை. அந்த எட்டுப் பேர்ல யாராவது இதைப் படிச்சா, சரியான்னு பார்த்துச் சொல்லுங்க. ஒண்ணு மட்டும் நான் யாரையும் கேட்க வேண்டாம், அது எனக்கே தெரியும்: இன்னிக்கும் எங்கயாவது விசில் சத்தம் கேட்டா, டீச்சர்தானோன்னு நான் திரும்பிப் பாக்குறேன்.