மாமாவின் செருப்புக்கு ஒரு மெட்டு

கிற்றார் வாசிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. தன்னால்தான் உலகமே ஆடுகிறது என்று நினைப்பான். எனக்கு அது இருபத்தாறு வயதில் நன்றாக முற்றிப்போயிருந்தது.

அப்போது சாய்ந்தமருதில் என் கூட்டாளி நிப்றாஸ் பின்னேரங்களில் இளைஞர்களுக்குப் பொல்லடி பழக்கிக்கொண்டிருந்தான். வட்டமாக நின்று, இரண்டு கையிலும் பொல்லு எனும் குறுந்தடிகளை வைத்துக்கொண்டு, ஒருவர் பொல்லில் மற்றவர் தட்டி ஆடும் எங்கள் ஆட்டம். மெதுவாகத் தொடங்கி விறுவிறுவென்று ஏறும். எப்போது ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் கைத்தாளம் போடுபவரின் கையில். அந்த வகுப்புக்கு நான்தான் மெட்டுப் போட்டு, கூடவே இருந்து வாசிப்பேன்.

அந்த நேரம் நிந்தவூர் நஸ்ரினுக்கும் எனக்கும் கலியாணப் பேச்சு நடந்தது. அவளைப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அதற்குள் மனதில் குடும்பமே நடத்த ஆரம்பித்திருந்தேன். அவளுடைய வாப்பா வயல்காரர். "கம்பியத் தட்டுறதும் ஒரு தொழிலா? நேர வந்து பாத்துட்டுத்தான் மறுகா முடிவு சொல்லுவன்" என்று என் வாப்பாவிடம் சொல்லிவிட்டார்.

மாமனாராக வரப்போகிறவர், அவரை மாமா என்றே வைத்துக்கொண்டேன். மாமா வரும் நாளில் அவரை அசத்தியே தீருவதென்று இருந்தேன்.

"இண்டைக்கிக் கைத்தாளம் வேணாம் மச்சான். அந்தச் சத்தம் என்ட மெட்டக் கெடுக்கும்."

நிப்றாஸ் தலையைச் சொறிந்தான். "அப்ப ஆருடா வேகத்தப் புடிக்கிற?"

"நான் இரிக்கன்தானே!"

பாவம், நம்பிவிட்டான். ஆடுகிறவர்களிடம், "கிற்றாரக் கேட்டு ஆடுங்க" என்றான். என்னிடம், "அவனுகள்ட காலப் பாத்து வாசி" என்றான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல யோசனைகள்தான்.

மாமா முன்வரிசையில் அமர்ந்தார். பதற்றத்தில் என் விரல் கொஞ்சம் வேகமாக ஓடியது. அதைக் கேட்டு அவர்களின் கால்கள் வேகமாகின. கால்களைப் பார்த்து நான் இன்னும் வேகமானேன். என்னைக் கேட்டு அவர்கள், அவர்களைப் பார்த்து நான். (குனிந்த தலை நிமிரவே இல்லை. கலைஞன் அல்லவா!)

'டக்' என்று ஒரு சத்தம். "படச்சவனே!" என்று ஓர் அலறல். கால்கள் நாலா பக்கமும் சிதறின. ஏதோ புது அசைவு என்று நினைத்து அதற்கும் வாசித்தேன். ஒரு சோடிக் கால் தரையில் நீட்டிப் படுத்தது. (ஆள் வழுக்கி விழுந்திருக்கிறான், பிழைத்துக்கொண்டான்.) அதற்குக் கொஞ்சம் சோகமாக வாசித்தேன். பிறகு தோல்செருப்புப் போட்ட இரண்டு பெரிய கால்கள் என்னை நோக்கி மெதுவாக வந்தன. அவற்றுக்குக் கம்பீரமாக ஒரு மெட்டை எடுத்துவிட்டேன்.

கம்பிகளின் மேல் ஒரு கை விழுந்தது. நிமிர்ந்தால் மாமா. தலையில் தொப்பியைக் காணோம். ஆடியவன் ஒருவனின் கையிலிருந்து பறந்து அதைத் தட்டிக்கொண்டு போன பொல்லு அவருடைய மற்றக் கையில் இருந்தது.

"எல்லாரும் ஓடிட்டானுகள் மகன். நீங்க இன்னும் ஆருக்கு வாசிக்கிறீங்க?"

"உங்களுக்குத்தான் மாமா" என்றேன். உண்மையும் அதுதானே.

கலியாணம் அவ்வளவுதான் என்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாம் நாள் மாமா வாப்பாவுக்குப் போன் எடுத்தார்.

"அத்தினை பேரும் ஓடியும் பொடியன் எடுத்த சோலிய விடல்ல. எனக்குப் புடிச்சிரிக்கி. ஆனா ஒண்டு, வாகனம் மட்டும் ஓடக் குடுக்காதீங்க."

இப்போது நஸ்ரினும் நானும் நிந்தவூரில் இருக்கிறோம். வகுப்புகளுக்கு இன்னும் வாசிக்கிறேன், கைத்தாளத்தோடு. அந்தப் பொல்லு எங்கள் வீட்டுப் பின்கதவுக்குத் தாழ்ப்பாளாக இருக்கிறது. வாசலில் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், குசினியில் சமைத்துக்கொண்டே நஸ்ரின் கத்துவாள்:

"இஞ்சேருங்க, வாப்பாட கால் வருது. வாசிங்க!"