எல்லாத் தரிப்பிலும் நின்ற மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்தவருடைய கோட்டின் கையை நான் பிடித்திழுத்துக் கிழித்திருக்கிறேன். கோபத்தில் கிழித்திருந்தாலாவது ஒரு மரியாதை மிஞ்சியிருக்கும். நான் கிழித்தது ஒரு கணினி விளையாட்டுக்காக. (பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுவது நல்லது.)

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஒரு பழைய நெசவாலையின் மேல்மாடியில், மழை பெய்தால் வாளி வைக்க வேண்டிய ஓர் அறையில், ஆறு பேர் சேர்ந்து விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். வுப்பர்டாலில் மழை பெய்யாத நாள் குறைவு, ஆகவே வாளியையும் சேர்த்து ஏழு பேர் என்று சொல்லலாம். நாங்கள் செய்தது பஸ் ஓட்டும் விளையாட்டு. சண்டை இல்லை, பேய் இல்லை. நகர பஸ் ஒன்றை நேரத்துக்கு எடுத்து, தரிப்புகளில் நிறுத்தி, கதவு திறந்து, ஆட்களை ஏற்றி இறக்க வேண்டும். அவ்வளவுதான். இதைக் காசு கொடுத்து வாங்க ஜெர்மனியில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

அப்பாவுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. அவர் இரும்புத் தொழிற்சாலை ஒன்றில் காலை வேலைக்குப் போகிறவர்.

"விடியக் காலமை நான் தூங்கித் தூங்கிப் போற பஸ்ஸை, வீட்டில இருந்து காசு குடுத்து ஓட்டுறாங்களோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா."

"அப்ப உங்களுக்கும் விசர், அவங்களுக்கும் விசர்," என்றார்.

இருந்தாலும் வெளியில் பெருமையாகத்தான் சொன்னார், மகள் கம்ப்யூட்டரில் பெரிய வேலை என்று. அந்தப் பெரிய வேலை இன்னும் சோதனைக் காலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை. எனக்கும் அப்பாவுக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. வேலை நிரந்தரமானால் இரண்டு வருஷத்துக்குக் கலியாணக் கதை எடுப்பதில்லை. ஆகாவிட்டால், பரிஸிலிருந்து வந்திருக்கிற சம்பந்தத்துக்கு நான் தலையாட்ட வேண்டும். படம் பார்த்திருந்தேன். மாப்பிள்ளை கடவுச்சீட்டுக்கு எடுத்த படத்தில் எல்லோரையும் போலவே குற்றவாளியாகத் தெரிந்தார்.

வேலை நிரந்தரமாவதற்குத் தடையாக இருந்தது ஒரே ஒரு பிழை. விளையாட்டு கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். பிறகு திரை உறைந்து, பஸ் நடுத்தெருவில் நின்றுவிடும். முன்னோட்டப் பிரதியை வாங்கிய ஓய்வுபெற்ற பெரியவர்கள் எங்களுக்குக் கண்ணீர் மல்க மின்னஞ்சல் எழுதினார்கள். இந்த நோய்க்கு எங்கள் தொழிலில் மெமரி லீக் என்று பெயர். விருந்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டவர்கள் சோற்றுக் கோப்பையைக் கழுவப் போடாமல் ஆளுக்கொரு மூலையில் வைத்துவிட்டுப் போனால், கடைசியில் வருகிறவருக்குச் சோறு இருக்கும், கோப்பை இருக்காது. கணினியும் அப்படித்தான். நினைவகத்தில் எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுக்காத ஏதோ ஒன்று உள்ளே இருந்துகொண்டு எல்லா இடத்தையும் தின்றது.

எது என்றுதான் தெரியவில்லை. எங்களிடம் அந்தப் பிழை வரவே மாட்டேன் என்றது. விளையாட்டைச் சோதிக்க இரண்டு மாணவர்கள் வருவார்கள். பஸ்ஸை விளக்குக் கம்பத்தில் மோதுவார்கள், ஆற்றுக்குள் விடுவார்கள், நாள் முழுக்க ஓட்டுவார்கள். உறையாது. பஸ்ஸை ஓடவிடாமல் நாள் கணக்கில் நிறுத்தியும் பார்த்தோம். உறையாது. நான் மழையின் படங்களைச் சந்தேகித்தேன், இயந்திரச் சத்தத்தைச் சந்தேகித்தேன், பக்கத்து மேசைக்காரனையும் சந்தேகித்தேன். என்னை மட்டும் சந்தேகிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் முதலாளி யோர்க் வாளியைக் காலி செய்துகொண்டே சொன்னார்: "திங்கட்கிழமை விளையாட்டின் குறுவட்டு அச்சுக்குப் போகிறது. அதற்குள் இது திருந்தாவிட்டால் விற்கிற கம்பனி விலகிவிடும். உன்னை வைத்திருக்க என்னால் முடியாது. என்னையே நான் வைத்திருக்க முடியாது." அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் வாளியைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

அலுவலகக் கணினியைக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு, தண்டவாளத்துக்குக் கீழே தொங்கி ஓடுகிற எங்கள் ஊர்த் தொங்கு ரயிலில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் அம்மா பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பரிஸ்காரர் பெண் பார்க்க வருகிறார்களாம்.

"வேலை முடிவு தெரியாமல் ஏன் வரச் சொன்னீங்கள்?" என்றேன்.

"வந்து பாத்திட்டுப் போகட்டும். சொன்ன சொல்லை மாத்த ஏலாது," என்றார் அப்பா.

ஞாயிறு மத்தியானம் ஏழு பேர் வந்தார்கள். நான் சேலையில் இருந்தேன். வரவேற்பறை மூலையில் கணினி ஓடிக்கொண்டே இருந்தது. நான் நிறுத்த விடவில்லை, அம்மா தெரிய விடவில்லை. ஆகவே அதன்மேல் பூ வேலை செய்த மேசைத்துணி ஒன்று போர்த்தப்பட்டிருந்தது. துணிக்குள்ளிருந்து அடிக்கடி பஸ் இயந்திரம் உறுமியது. வந்தவர்கள் முதலில் குளிர்சாதனப் பெட்டி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மாப்பிள்ளையின் பெயர் சுதன். விமான நிலையத்தில் சாமான் ஏற்றுகிற பகுதியில் வேலை. படத்தில் இருந்ததைவிடக் குற்றம் குறைவாகத் தெரிந்தார். அவருடைய தாயார் என்னிடம், "பிள்ளை, சமையல் எப்பிடி?" என்று கேட்டார்.

"சாப்பிடலாம்," என்றேன். அம்மா என் காலை மிதித்தார்.

பிறகு அம்மா சுட்ட ரோல்ஸை எல்லோரும் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. துணிக்குள் பஸ் மறுபடி உறுமியது. சுதன் என்னைப் பார்த்து மெதுவாக, "அது என்ன?" என்றார்.

"பஸ்," என்றேன்.

துணியை எடுத்துக் காட்டினேன். அவர் முகம் முதன்முறையாக மலர்ந்தது. "நான் ஓட்டிப் பாக்கலாமோ? எனக்கு லைசன்ஸ் இன்னும் கிடைக்கேல்லை. சரியான மெதுவாப் போறன் எண்டு ஒவ்வொரு முறையும் ஃபெயில் ஆக்கிப்போடுறாங்கள்," என்றார்.

"அதை ஏன் இப்ப சொல்லுறாய்?" என்றார் தாயார்.

சுதன் கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்து ஓட்டத் தொடங்கினார். வாழ்க்கையில் அப்படியொரு சாரதியை நான் பார்த்ததில்லை. எல்லாத் தரிப்பிலும் நின்றார். கதவைத் திறந்தார். இறங்குகிறவர்கள் எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்தார். யாராவது தூரத்தில் ஓடி வந்தால் அவர்களுக்காகவும் காத்திருந்தார். "பாவம், மழைக்க வருகுது," என்று திரையிலிருந்த கிழவிக்காக இரங்கினார். பெரியவர்கள் சீதனம், சாதகம் என்று எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க ஆறுதலாக இருந்தது.

ஒரு தரிப்பில் கதவு திறந்தபடியே திரை உறைந்தது.

சுதன் கையை எடுத்துவிட்டார். "நான் பழுதாக்கிப்போட்டன் போல," என்றார், முகம் கறுத்து.

"நல்லாப் பழுதாக்கினீங்கள்! திரும்பப் பழுதாக்குங்கோ!" என்று நான் கத்தினேன். கையிலிருந்த பலகாரத் தட்டு அவருடைய தாயாரின் மடியில் கவிழ்ந்தது. (அந்தச் சேலை காஞ்சிபுரம் என்று பிறகு பலமுறை கேள்விப்பட்டேன்.) ஒரு பிழையைத் தேடுகிறவளுக்கு அதை வேண்டியபோது வரவழைத்துத் தருகிற ஆள் கிடைப்பது தெய்வம் வந்த மாதிரி. சுதன் மறுபடி ஓட்டினார். மறுபடி உறைந்தது. எங்கள் மாணவர்கள் மாதக்கணக்கில் சாதிக்காததை அவர் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் இரண்டு முறை சாதித்தார்.

ஆனால் ஏன் என்று அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. அதற்குள் அவர்கள் எழும்பிவிட்டார்கள்.

"அப்ப நாங்கள் போட்டு வாறம்," என்றார் தாயார்.

எங்களில் யாரும் "போறன்" என்று சொல்வதில்லை. போனாலும் வருவோம் என்று சொல்லித்தான் போக வேண்டும். அப்படிச் சொன்னதும் உடனே போவதும் இல்லை. ஏழு பேரும் கோட்டு, சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு எங்கள் ஒடுக்கமான வாசல் நடையில் நின்று மறுபடி கதைக்கத் தொடங்கினார்கள். யாரோ ஒருவரின் சத்திரசிகிச்சை. யாரோ ஒருவரின் விசா. அம்மா மீந்த ரோல்ஸைப் பொதி கட்டிக்கொண்டிருந்தார். "சரி, போட்டு வாறம்," என்றார்கள் மறுபடி. ஒருவரும் அசையவில்லை.

அப்போது வாசல் மணி அடித்தது. வந்தவர்களின் வான் வண்டிக்கு வழி விடுவிக்கக் கீழே போன அப்பா திரும்பி வந்திருந்தார். கதவு கொஞ்சம்தான் திறந்தது. அந்த இடுக்கில் அப்பாவின் மூக்கு தெரிந்தது.

"உள்ளுக்கு வர இடமில்லை," என்றார் அப்பா.

நான் அப்படியே நின்றுவிட்டேன். நடையில் நிற்கிறவர்கள் எல்லோரும் விடைபெற்றவர்கள். ஒருவரும் போகவில்லை. ஆகவே புதிதாக வருகிறவருக்கு இடமில்லை. எங்கள் பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆட்களின் பகுதியை எழுதியவள் நான்தான். காலையில் இறங்கியவர் மாலையில் திரும்பி வருவார்தானே என்று, இறங்கிய ஒவ்வொருவரையும் அழிக்காமல், கண்ணுக்குத் தெரியாமல், அதே தரிப்பில் நிற்கவைத்திருந்தேன். "இறங்கினதும் அழித்துவிடலாமே?" என்று பக்கத்து மேசைக்காரன் ஒருமுறை கேட்டபோது, "போனவர்கள் வருவார்கள்," என்று பெரிய மனுஷி போலச் சொல்லியிருந்தேன். மாலை பஸ்ஸுக்கு அவன் புது ஆட்களை எழுதிவிட்டான். என்னுடைய ஆட்களை ஒருவரும் கூப்பிடவில்லை. அவர்கள் எல்லோரும் மழையில் நின்றுகொண்டே இருந்தார்கள். மாணவர்கள் தரிப்பில் நிற்பதே இல்லை, ஆகவே அவர்களுடைய பஸ்ஸிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. சுதன் எல்லாத் தரிப்பிலும் நின்றார்.

இவ்வளவும் விளங்கிய அந்த நொடியில் சுதன் ஒருவழியாகக் கதவைத் தாண்டிப் படியில் கால் வைத்துவிட்டார். நானே உட்கார்ந்து எல்லாத் தரிப்பிலும் நிறுத்தி ஓட்டிப் பார்த்திருக்கலாம். அது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. ஆட்களைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து அவருடைய கையைப் பிடித்தேன்.

"போகாதேங்கோ! எனக்கு நீங்கள் வேணும்!" என்றேன்.

மாடிப்படி முழுக்க அது எதிரொலித்தது. நான் இழுத்தேன். தோளடியில் தையல் சர்ரென்று விட்டது. மேல்மாடி ஜெர்மன் கிழவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். சுதனின் தாயார் சுவரைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் கையில் ரோல்ஸ் பொதி இருந்தது, முகத்தில் ஒன்றுமே இல்லை.

சுதன் மட்டும், ஒரு கை தொங்க, "பஸ்ஸுக்கோ?" என்று கேட்டார்.

"பஸ்ஸுக்குத்தான்."

சப்பாத்தோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். இறங்கியவர்களை அழிக்கிற ஒரு வரியை நான் எழுதினேன். அவர் ஓட்டினார். உறைந்த தரிப்பைத் தாண்டினார், அதற்கடுத்ததையும் தாண்டினார். வாசல் நடையில் கோட்டோடு வேர்த்து நின்றவர்களில் ஒருவரும் கைதட்டவில்லை. அப்பா மட்டும் செருமினார்.

படியடியில் சுதன் என்னிடம், "கோட்டைப் பற்றி யோசியாதேங்கோ. அடுத்த முறை வரேக்க கடைசித் தரிப்பு வரைக்கும் ஓட்டிப் பாப்பம்," என்றார். பிறகு, "போட்டு வாறன்," என்றார்.

திங்கட்கிழமை வட்டு அச்சுக்குப் போனது. யோர்க் என் கையைக் குலுக்கி, வேலை நிரந்தரம் என்றார். அந்த வாரமே பரிஸிலிருந்து சுதனின் தாயார் தொலைபேசியில் அம்மாவிடம், "இப்பவே இழுத்துக் கிழிக்கிற பிள்ளை, பிறகு என்ன செய்யும்?" என்று கேட்டுச் சம்பந்தத்தையே நிறுத்திக்கொண்டார். நான் கேட்டது எல்லாம் எனக்குக் கிடைத்தது. வேலையும் கிடைத்தது, கலியாணமும் நின்றது. அன்றிரவு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை, ஒப்பந்தம் போட்டவள் நான்தானே. அப்பாவும் சொன்ன சொல் மாறாமல் இரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அந்த நிரந்தர வேலை அவ்வளவு காலம்கூட இருக்கவில்லை. கம்பனி மூடப்பட்டது, வாளியை யோர்க் வீட்டுக்குக் கொண்டுபோனார். சுதன் லண்டனில் கலியாணம் செய்துகொண்டதாகக் கேள்வி.

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும், விடைபெற்றவர்கள் வாசல் நடையில் நின்று கதையளந்தால் அப்பா சத்தம் போடுவார்: "இறங்கின ஆக்கள் எல்லாரும் போங்கோ, பஸ் நிண்டிடப் போகுது!" எல்லோரும் சிரிப்பார்கள். தெரியாதவர்களுக்குக் கோட்டுக் கதை முதலிலிருந்து சொல்லப்படும். நானும் சிரிப்பேன், இடையிடையே திருத்தமும் சொல்வேன்.

போன தைப்பொங்கலுக்கும் அப்படித்தான் நடந்தது. எல்லோரும் போய் முடிந்தபின் நான் கடைசியாகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கதவைப் பிடித்தபடி வெறும் நடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒருத்தரை மட்டும் நீ இன்னும் அழிக்கேல்லைப் போல கிடக்கு," என்றார்.

"போட்டு வாறன் அப்பா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.