காகிதம் ஒட்டிய ஜன்னல்கள்

மைத்துனர் பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தபோதுதான், இது வெறும் பாடத்திட்டப் பிரச்சினை இல்லை என்பது பொறுப்பாளருக்கு உறைத்தது.

"உக்காருங்க மச்சான். சாப்பாட்டு மேல என்ன கோவம்?"

"சாப்பாட்டு மேல கோவம் இல்ல மாப்ள. உங்க பொண்டாட்டி ஒரு பருவம் முழுக்கத் தண்ணியைப் பத்தி மட்டும் நடத்தப் போறாளாம். நெருப்பு, காத்து எல்லாம் எப்ப? அடுத்த ஜென்மத்துலயா?"

கோபம் வந்தால் மட்டும் அவருக்குத் தங்கை 'உங்க பொண்டாட்டி' ஆகிவிடுவாள்.

"தண்ணிக்குள்ள எல்லாப் பாடமும் வந்துடும் அண்ணா," என்றாள் பொறுப்பாளரின் மனைவி. "குழாயில சொட்டுறதை அளந்தா கணக்கு. அது எங்கேருந்து வருதுன்னு தேடினா புவியியல். எந்தத் தெருவுக்கு முதல்ல குழாய் வந்துச்சுன்னு விசாரிச்சா வரலாறு. எல்லாத்தையும் எழுதச் சொன்னா மொழிப்பாடம்."

"குழாய் சொட்டினா பிளம்பரைக் கூப்பிடணும். பாடம் நடத்தக் கூடாது."

மைத்துனரின் மகள் வாண்டு களுக்கென்று சிரித்தாள். அப்பாவும் அத்தையும் ஒரே நேரத்தில் முறைத்தார்கள். அந்த வீட்டில் அன்று அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

பொறுப்பாளர், மனைவி, மைத்துனர் மூவருக்கும் ஒரே பள்ளியில் வேலை. ஆறாம் வகுப்பு 'அ' பிரிவு மனைவிக்கு, 'ஆ' பிரிவு மைத்துனருக்கு. பெற்ற பிள்ளைக்குத் தானே பாடம் நடத்தக் கூடாது என்பது பள்ளியின் விதி என்பதால், வாண்டு அத்தையின் வகுப்பில் இருந்தாள். ஆசிரியர் கூட்டங்களில் எதற்கும் எதிர்ப்புச் சொல்லாதவர் அவளுடைய மாமா ஒருவர்தான் என்பதால் அவருக்குப் பாடத்திட்டப் பொறுப்பாளர் பதவி வந்து சேர்ந்திருந்தது. தலைமையாசிரியை அவரிடம் கொடுத்த முதல் வேலையே இதுதான்: பாடவாரியாகப் புத்தகத்தை வரிசையாக நடத்துவதா, ஒரே கருப்பொருளை வைத்துக்கொண்டு எல்லாப் பாடத்தையும் அதிலிருந்தே எடுப்பதா? ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுத்த பருவத்திலிருந்து பள்ளி முழுவதும் அதையே பின்பற்றும். தோற்றவர் ஜெயித்தவரிடம் பயிற்சிக்குப் போக வேண்டும்.

அண்ணன் தங்கை இருவருக்கும் கூடப்பிறந்தவர்கள் வேறு யாரும் கிடையாது. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் அவள் அண்ணனின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துதான் தொழிலைக் கற்றாள். கரும்பலகையில் கோணாமல் எழுதக்கூட அவர்தான் கை பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். கல்யாணமான பிறகும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தனித்தனியாகச் சாப்பிட்டதில்லை. தன்னுடைய ஒரு அறிக்கையால் இந்த இருவரும் பிரிந்துவிடுவார்களோ என்று பொறுப்பாளர் உண்மையாகவே பயந்தார்.

முதலில் ஓர் ஒப்பீட்டு அட்டவணை போட்டார். இரு முறைகளுக்கும் நன்மைகள் சரிசமம், தீமைகளும் சரிசமம். தராசு வைத்து நிறுத்தது போல இருந்தது.

தலைமையாசிரியை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சார், ரெண்டும் நல்லது, ரெண்டும் கெட்டதுன்னு புரியுது. நான் எதை வாங்கி அலமாரில வைக்கிறது? புத்தகத்தையா, வாளியையா?"

வீட்டில் மனைவி அதே அட்டவணையை நீட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அண்ணன் முறைக்கு 'ஒழுங்கு'ன்னு எழுதியிருக்கீங்க. என் முறைக்கு 'ஆர்வம்'. அப்ப எனக்கு ஒழுங்கு கிடையாது. அப்படித்தானே?"

மைத்துனர் மறுநாள் காலை வழிமறித்தார். "'ஒழுங்கு'ன்னா என்ன மாப்ள அர்த்தம்? நான் என்ன வாட்ச்மேனா?"

சரி, காகிதத்தில் ஒப்பிட்டால்தானே வம்பு, வகுப்பிலேயே ஒப்பிட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். ஒரு பருவம் முழுக்க 'அ' பிரிவில் தண்ணீர், 'ஆ' பிரிவில் புத்தகம். கடைசியில் இரு பிரிவுக்கும் ஒரே பரீட்சை. தலைமையாசிரியைக்கும் இது பிடித்திருந்தது.

முதல் வாரத்திலேயே நிலைமை மோசமானது. வாண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், "அப்பா, அத்தை இன்னிக்கு வகுப்பு முழுக்கத் தண்ணியைக் கொட்டிட்டாங்க, பியூன் வந்து திட்டினார்," என்று ஒலிபரப்புவாள். அடுத்த நாள் ஆசிரியர் அறையில் மைத்துனர், "குடை கொண்டு வந்தீங்களா?" என்று எல்லோரிடமும் பொதுவாக விசாரிப்பார். 'ஆ' பிரிவுப் பிள்ளைகளும் சளைத்தவர்கள் அல்ல. சாரின் பாடத்தில் யார் யார் தூங்கினார்கள் என்ற விவரம், இடைவேளை முடிவதற்குள் மனைவியின் காதுக்கு வந்துவிடும்.

"ஒரு முடிவு கட்டுறேன்," என்றார் பொறுப்பாளர்.

இரண்டு வகுப்புகளின் ஜன்னல் கண்ணாடிகளிலும் பழுப்புக் காகிதம் ஒட்டினார். ஒருவர் வகுப்பை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. வகுப்பில் நடப்பதைப் பிள்ளைகள் பரீட்சை முடியும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது. பிள்ளைகள் வரிசையில் நின்று சத்தியம் செய்தார்கள்.

"நீங்களாவது வந்து பார்ப்பீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"நானும் பார்க்க மாட்டேன். ஒரு வகுப்புல ஒரு நிமிஷம் கூட நின்னாலும் சாய்ஞ்சுட்டேன்னு சொல்லுவீங்க. நடுநிலைன்னா நடுநிலைதான்."

தன்னுடைய நேர்மையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

காகிதம் ஒட்டியதும் கேலி நின்றது. சந்தேகம் ஆரம்பித்தது. உள்ளே என்னதான் நடக்கிறது என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் தூக்கம் போனது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றுபோனது. வாரம் முழுவதும் சமைத்தது போலவே சமைத்து, இருவர் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது பொறுப்பாளருக்குத் தாங்கவில்லை. மூன்றாவது நாற்காலியைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

இருவரையும் சமாதானப்படுத்த ஒரு வழி தோன்றியது. இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"வினாத்தாள்ல பாதிக் கேள்வி புத்தகத்துலேருந்து வரும். மீதிப் பாதில பிள்ளைங்க கையால அளந்து, யோசிச்சுப் பதில் கண்டுபிடிக்கணும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

"எனக்குத்தான் நஷ்டம்," என்றாள் மனைவி. "என் பிள்ளைங்க பாதித் தாளுக்குப் பேந்தப் பேந்த முழிக்கணுமா?"

"அளவுகோலையும் உழக்கையும் குடுத்துப் பரீட்சையா?" என்றார் மைத்துனர். "என் பிள்ளைங்க அதைத் தொட்டதே இல்லையே!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் பொறுப்பாளரைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவரிடமும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

தாழ்வாரத்தில் நடக்கும்போது அவர் காதைப் பொத்திக்கொள்வதில்லை. அந்த அளவுக்கு நடுநிலை அவரால் முடியவில்லை. 'அ' பிரிவிலிருந்து பிள்ளைகள் ஒரே குரலில் எதையோ சொல்லும் சத்தம் வரும். தண்ணீரைப் பற்றி நாடகம் ஒத்திகை பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று மெச்சிக்கொள்வார். 'ஆ' பிரிவிலிருந்து சில நாள் பெரும் சிரிப்பு, சில நாள் மயான அமைதி. வரலாற்றுப் புத்தகத்தில் இவ்வளவு சிரிப்பு இருக்கிறதா, நாமும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்.

மனைவிக்குத் தொண்டை கட்டியது. வெந்நீரும் கையுமாக அலைந்தாள். கேட்டால் கையை மட்டும் அசைத்தாள். மைத்துனரின் மனைவி ஒரு நாள் போன் செய்து புலம்பினாள்.

"தம்பி, உங்க மச்சான் பேன்ட்டு முட்டி வரைக்கும் சேறு. துவைச்சு மாளல."

"என்னக்கா ஆச்சு?"

"கீழ விழுந்துட்டாராம்."

"தினமுமா?"

"வயசாகுதில்ல," என்று பெருமூச்சு விட்டாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் பொறுப்பாளர் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். தான் எந்த முறையில் படித்தோம் என்று யோசித்துப் பார்த்தார். முறை எதுவும் நினைவுக்கு வரவில்லை. கணக்கு வராமல் அழுதபோது பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்துகொண்ட ஒரு ஆசிரியை வந்தார். கேள்வி கேட்டதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரு கிழ வாத்தியார் வந்தார். இதை எந்தப் பத்தியில் எழுதுவது? அறிக்கைப் படிவத்தில் அதற்கு இடமில்லை. யார் ஜெயித்தாலும் தன் வீட்டில் ஒருவர் தோற்கப்போகிறார் என்பது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வெளிப்பள்ளி ஆசிரியர்கள் வந்து திருத்தினார்கள். முடிவில் குழப்பமே இல்லை. புத்தகக் கேள்வியிலும் சரி, அளந்து பார்க்கும் கேள்வியிலும் சரி, 'ஆ' பிரிவு வெகுதூரம் முன்னால் இருந்தது.

தலைமையாசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீங்களா சார்! புத்தகத்தை ஒழுங்கா நடத்தினா அளக்குறதுகூடத் தானா வந்துடுது!" அன்றே சுற்றறிக்கை போனது. அடுத்த பருவத்திலிருந்து எல்லா வகுப்புகளிலும் புத்தக முறை மட்டுமே. 'அ' பிரிவின் வாளிகள் தோட்டக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டன.

பொறுப்பாளர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் கோபப்படவில்லை. அழவும் இல்லை. "வாங்க, அண்ணன் வீட்டுக்குப் போவோம்," என்றாள்.

கதவைத் திறந்த மைத்துனர் தங்கையைக் கண்டதும் தடுமாறிப்போனார். ஜெயித்தவர் முகம் போலவே இல்லை.

"நீதான் பெரியவன் அண்ணா," என்றாள் அவள். "உன்னை மாதிரி யாராலயும் புத்தகத்தை நடத்த முடியாது. எப்படித்தான் நடத்துறியோ. எனக்கு அந்த வித்தை சுட்டுப் போட்டாலும் வரல."

"சேச்சே, அப்படிச் சொல்லாதம்மா." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உன் முறையும் லேசுப்பட்டது இல்ல. நிறைய விஷயம் இருக்கு அதுல. நான்தான் புரியாம கிண்டல் பண்ணிட்டேன்."

அண்ணன் தங்கையின் தலையில் கை வைத்தார். தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொறுப்பாளருக்கும் கண் கலங்கியது. தோற்றவள் பெருந்தன்மையாகத் தோற்றுவிட்டாள், ஜெயித்தவர் அதைவிடப் பெருந்தன்மையாக ஜெயித்துவிட்டார், எல்லாம் தன்னுடைய நடுநிலையால் வந்தது என்று பூரித்துப்போனார். மைத்துனரின் மனைவி எல்லோருக்கும் தட்டு வைத்தாள்.

சாப்பிடும்போது அவர் விஷயத்துக்கு வந்தார். "மச்சான், உங்க முறையை எல்லா ஆசிரியருக்கும் அனுப்பச் சொல்லியிருக்காங்க. புத்தகத்தை எப்படி நடத்துனீங்கன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க."

மைத்துனருக்குப் புரை ஏறியது. "அதெல்லாம்... எழுத்துல வராது மாப்ள."

"நானும் உக்காந்து கேட்டுக்குறேன் அண்ணா," என்றாள் மனைவி. "நான் எங்கே தப்பு பண்ணினேன்னு தெரியணும்."

"அதெல்லாம் ஒண்ணும் தெரிய வேண்டாம். சாப்பிடு."

இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த வாண்டு மாமாவின் கையைச் சுரண்டினாள். "மாமா, பரீட்சை முடிஞ்சிருச்சு. இப்பப் பேசலாமா?"

"தாராளமா பேசுடா கண்ணு."

"அப்ப அடுத்த பருவத்துலயாவது என்னை அப்பா வகுப்புல போடுங்க மாமா, அந்தப் பிள்ளைங்க தினமும் பின்வாசல் வழியாப் போய் ஓடையில இறங்கி அளந்து விளையாடுறாங்க, எங்க அத்தைதான் கதவைச் சாத்திக்கிட்டு முழுப் புத்தகத்தையும் வரி விடாம ஒப்பிக்க வைக்கிறாங்க!"