சம்பந்தியிடம் நான் கற்ற இத்திஷ்

ஃப்ரீமான்ட்

அன்புள்ள தம்பி திருமூர்த்திக்கு, அண்ணன் பசுபதி எழுதிக்கொள்வது. நீயும் மரகதமும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மருதமலையானை வேண்டிக்கொள்கிறேன். இங்கே என் முழங்கால் நீங்கலாக எல்லோரும் நலம்.

நம் ஹம்சாவின் மாமனார் ஹெர்ஷலுடைய தங்கை, நியூ ஜெர்சியில் இருந்தவர், போன வாரம் தவறிவிட்டார். துக்கச் செய்திதான். ஆனால் அதில் உன் அண்ணன் செய்த காரியம் நம் ஆட்களுக்குத் தெரிய வேண்டும்.

ஹெர்ஷல் யூதர், எண்பதைத் தாண்டியவர். அவர்கள் வீட்டுக்குள் பேசும் பாஷைக்கு இத்திஷ் என்று பெயர். அதில் அவரோடு பேச மிச்சமிருந்தது அந்தத் தங்கை ஒருத்திதான். இங்கே வந்ததிலிருந்து தினமும் அவரோடு வாக்கிங் போய், அந்தப் பாஷையை நான் கரைத்துக் குடித்துவிட்டேன். வா என்றால் 'கும்', சாப்பிடு என்றால் 'எஸ்', போதும் என்றால் 'கெனுக்'. எட்டாம் கிளாஸோடு நின்றவன் என்று யாராவது சொல்ல முடியுமா? மௌரி அவென்யூ மளிகைக் கடையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டே நான் இத்திஷ் பேசினால் கூட்டம் கூடிவிடும்.

அவர்கள் துக்க வழக்கப்படி முகம் பார்க்கும் கண்ணாடிகளையெல்லாம் துணியால் மூடிவிட்டு, குட்டை நாற்காலியில் உட்கார்ந்த மனிதர் வாயே திறக்கவில்லை. பேச்சும் இல்லை, சாப்பாடும் இல்லை. மாப்பிள்ளை கெஞ்சிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். இப்படியே போனால் ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது சம்பந்தி முறையல்லவா? உன் அண்ணி பர்வதம் இட்லி அவித்துக் கொடுத்தாள். வழியெல்லாம் இத்திஷில் இரங்கல் உரை தயாரித்துக்கொண்டே போனேன். வாசலிலேயே ஹம்சா மறித்தாள்.

"அப்பா, ப்ளீஸ். அவர் முதல்ல பேசுற வரைக்கும் நாம பேசக்கூடாது. இவங்க கஸ்டம் அது."

"நான் ரெண்டு வார்த்தை பேசினா அவரும் பேசிடுவாரும்மா."

"நீங்க பேசினா அவர் எப்பப்பா பேசியிருக்கார்?"

உட்கார்ந்தேன். நான் பேசாமல் உட்கார்ந்து நீ பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அவர் தரையைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இட்லி ஆறியது. கடைசியில் எழுந்தேன். துக்க வீட்டில் 'வரேன்' என்று சொல்லக் கூடாதே, அதனால் வாய் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு நடந்தேன். கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பின்னாலிருந்து குரல் வந்தது: எங்கே போகிறீர்கள்? அதுவும் சுத்தமான இத்திஷில்! கிளம்புகிறவனைப் பின்னாலிருந்து அப்படிக் கேட்டால் நாம் என்ன செய்வோம்? திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தானே மறுபடி கிளம்புவோம்? அப்படியே வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டேன். ஹம்சா இரண்டு டம்ளராகக் கொண்டுவந்தாள், கெட்டிக்காரி. நான் குடித்தேன். என்னைப் பார்த்து அவரும் குடித்தார். இட்லியைப் பிட்டு நீட்டி, "எஸ்" என்றேன். சாப்பிட்டார். அழுதார். அழுதுகொண்டே இன்னொன்றும் சாப்பிட்டார். பிறகு தங்கையைப் பற்றி நெடுநேரம் இத்திஷில் பேசினார். ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. தக்க பதிலும் சொன்னேன்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. மரகதத்தை உன் அண்ணி மிகவும் விசாரித்தாள். ஊரில் யாருக்காவது இத்திஷில் சந்தேகம் இருந்தால் கூச்சப்படாமல் எனக்குப் போன் பண்ணச் சொல்.

அன்புடன்,
அண்ணன் பசுபதி

பி.கு.: இதைப் படித்த ஹம்சா, "எங்க போறீங்கன்னு அவர் தமிழ்லதானேப்பா கேட்டார்?" என்கிறாள். யோசித்தால் தமிழ்தான். வாக்கிங்கில் நான் பேசிக்கொண்டே போயிருக்கிறேன், அவர் கற்றுக்கொண்டே வந்திருக்கிறார். தங்கையைப் பற்றிச் சொன்னதில் எனக்குப் புரிந்தது பெயர் மட்டும்தான்: ரோசா. அது வந்தபோதெல்லாம் தலையை ஆட்டினேன். அவர் நிறுத்தவேயில்லை.