காளிராஜ் ஊருக்குச் சொன்ன நல்ல சேதி

அடிவயிறு முறுக்கிப் பிடிக்கிறது. வர வேண்டிய மாதவிலக்கு மட்டும் வரவில்லை. ஜெகதீஸ்வரி கட்டிலில் சுருண்டு கிடந்தாள். வழக்கமாக இந்த வலி வந்தால் அதுவும் கூடவே வந்துவிடும். இது என்ன புதுக் கணக்கென்று அவளுக்கு விளங்கவில்லை.

அவள் புருசன் காளிராஜுக்கு விளங்கிவிட்டது.

"ஏ புள்ள, நாள் தள்ளிப்போயிருக்குல்ல? நீ முழுகாம இருக்க!"

"டெஸ்ட்டுல ஒத்தக் கோடுதான விழுந்துச்சு?"

"அந்த அட்டைக்கு என்ன தெரியும்?"

தொழுவத்தில் சிந்து மாடு கத்தியது. போன மாதம் நரிக்குடிப் பக்கமிருந்து கன்றோடு பிடித்துவந்த மாடு. அதுவரை அந்த வீட்டில் எல்லாருக்கும் வரக்காப்பிதான். மாடு வந்த நாளிலிருந்து ஆளுக்கு ஒரு செம்பு பால். காளிராஜின் நடையே மாறிவிட்டது. ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டு மாட்டின் மடியைக் காட்டினான்.

"இனிமே நீ ரெண்டு பேருக்குக் குடிக்கணும்" என்று ஜெகதீஸ்வரிக்கு இரண்டாவது செம்பைக் கொடுத்தான். வலி கூடியது. உடம்புச் சூடாக இருக்கும் என்று பனங்கற்கண்டு போட்டு மூன்றாவது செம்பு. வயிறு பந்துபோல உப்பிக் கடமுடவென்றது.

காளிராஜ் காதை வைத்துக் கேட்டான். "உள்ள உருளுது புள்ள! என்ன வேகம், என்னைய மாதிரியே!"

"அது வாயுங்க!"

அவன் அதற்குள் டீக்கடைக்குப் போய்விட்டான். சாயங்காலம் தெரு முழுக்கப் பால்கோவா. முதல் உருண்டை அவள் வாயில். அன்று ராத்திரி முழுக்க வலியில் அவள் கண்ணை மூடவே இல்லை.

காளிராஜின் அப்பா கோட்டைச்சாமி மட்டும் தன் பால்செம்பைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துப் பக்கம் நடந்தார்.

மறுநாள் மூவரும் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்கள். டாக்டர் சத்யபிரியா ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்தார்.

"கர்ப்பம் இல்லங்க."

காளிராஜின் முகம் தொங்கிப்போனது. "ஊருக்கே சொல்லிட்டேனே டாக்டர்! பின்ன ஏன் வலிக்குது?"

டாக்டர் காகிதத்தில் படம் போட்டார். "இது கர்ப்பப்பை. பக்கத்துலயே சினைப்பை, மூத்திரப்பை, குடல். எது பிடிச்சாலும் விலக்கு வலி மாதிரியேதான் தெரியும். கட்டி இல்ல, சிறுநீர்ல கிருமி இல்ல, குடல்வாலும் நல்லா இருக்கு. தூக்கம் கெட்டா, கவலைப்பட்டா விலக்கு கொஞ்சம் தள்ளிப்போகும். அது வேற, இந்த வலி வேற. எப்பம்மா வருது?"

"சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல."

"சில பேருக்குச் சில சாப்பாடு செரிக்காது. செரிக்காதது பெருங்குடல்ல போய்ப் புளிச்சு, காத்து உண்டாகி, குடலை உப்ப வச்சு முறுக்கும். புதுசா ஏதாச்சும் சாப்பிடுறாங்களா?"

காளிராஜின் நெஞ்சு மறுபடி நிமிர்ந்தது.

"கண்டதையும் திங்க விடுவனா டாக்டர்? எல்லாம் எங்க வீட்டுப் பாலு! ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. ஒரு நாளைக்கு மூணு செம்பு குடுக்கிறேன். எனக்கு அதக் குடிச்சுத்தான் உடம்பு தேறுச்சு. எங்க அய்யாவும் குடிக்கிறாக, கேட்டுப் பாருங்க. சொல்லுங்கய்யா!"

எல்லாரும் கோட்டைச்சாமியைப் பார்த்தார்கள். அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மாடு வந்த மறுநாள்லருந்து எனக்கும் இதே வலிதான் தாயி, எனக்கென்ன நாளா தள்ளிப்போச்சு? இவன் சண்டைக்கு வருவான்னு சொல்லாம, பாலைக் கன்னுக்குட்டிக்கு ஊத்திட்டு மோரைக் குடிச்சேன், வலி நின்னுபோச்சு."