ஸ்ரிபன் சுட்ட மான்

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா மான் இறைச்சியோ? வாசல்படி தாண்டக் கூடாது!"

கஜந்தி கதவை மறித்து நின்றாள். பிரதீபனின் கையில் பக்கத்து வீட்டு ஸ்ரிபன் கொடுத்த பொதி கனத்தது. தானே சுட்ட மான் என்று பெருமையோடு கொடுத்தவர், நாளை மனைவியோடு கறி சாப்பிட வருவதாகவும் சொல்லியிருந்தார். டென்மார்க்கின் வைலே நகரில் இத்தனை காலம் வாழ்ந்தும், வேலிக்கு மேலால் கையசைப்பதைத் தாண்டி அவர்கள் வீட்டுக்குள் வரப்போகும் முதல் டேனிஷ்காரர் அவர்தான். பிரதீபனுக்கு அந்தச் சிநேகிதம் பெரிது.

"அப்ப இதை எங்கை வைக்கிறது?"

"கார் டிக்கியில வையுங்கோ. நாளைக்கு எடுப்பம்."

ஜூன் மாதச் சூரியன் படுக்கப் போக மனமில்லாமல் அலையும் நாட்கள். மறுநாள் டிக்கியைத் திறந்தபோது, மானே எழுந்து முறைப்பாடு சொன்னதுபோல மணம் வந்தது.

"மஞ்சள் போட்டு நல்லா அவிச்சா சரிவராதோ?"

"உங்களுக்கு விசரே? சும்மாவே காட்டு இறைச்சியில பூச்சி இருக்குமெண்டு பயந்துகொண்டிருந்தனான். பழுதாப்போனதை எவ்வளவு அவிச்சாலும் நஞ்சு போகாது."

"ஸ்ரிபனிட்டைச் சொல்லுவமே?"

"அவரின்ரை மானைக் குப்பையில போட்டனாங்கள் எண்டோ? பிறகு வேலிப் பக்கம் தலை காட்டேலுமே!"

மான் குப்பைக்குப் போனது. பிரதீபன் கடைக்கு ஓடி ஆட்டிறைச்சி வாங்கி வந்தான். ஆட்டு மணத்தை மறைக்கக் கஜந்தி மிளகாய்த்தூளை இரட்டிப்பாகப் போட்டாள்.

மாலையில் மனைவியோடு வந்த ஸ்ரிபன் முதல் வாயிலேயே கண்கலங்கினார். "காட்டின் ருசியே தனி!" என்று மூக்கைத் துடைத்தார். "பல் கவனம், குண்டுத் துணுக்கு இருக்கும். அகப்படுகிறவருக்கு அதிர்ஷ்டம்!"

எல்லோரும் பக்தியோடு மென்றார்கள். சட்டி காலியாகியும் எதுவும் அகப்படவில்லை. ஸ்ரிபனின் முகம் குழந்தையுடையதைப்போல வாடியது.

பிரதீபனால் தாங்க முடியவில்லை. "எனக்கு அகப்பட்டது!"

"காட்டுங்கள்!"

"விழுங்கிட்டன்."

ஸ்ரிபன் துள்ளி எழுந்தார். "உலோகத்தையா? உடனே ஆஸ்பத்திரிக்கு! எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கவேண்டும். காரை எடுக்கிறேன்!" தன் மான் நண்பனைக் கொன்றுவிடுமோ என்ற பதற்றத்தில் சப்பாத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார்.

"போய்ப் படுங்கோ, நல்லா எடுப்பினம் படம்," என்று பல்லைக் கடித்தாள் கஜந்தி.

அதுவரை உறைப்புத் தாங்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஸ்ரிபனின் மனைவி இங்கர், வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் பிரதீபனின் காதருகே குனிந்தாள்.

"பயப்படாதீர்கள், உங்கள் வயிற்றில் குண்டு இருக்க வழியில்லை. வெயிலில் கொட்டிலுக்குள் தொங்கிய அந்த மானை நான் எப்போதோ குப்பையில் போட்டுவிட்டேன். மானென்று நம்பி அவர் பொதி கட்டித் தந்தது, அதற்குப் பதிலாக நான் கடையில் வாங்கி வைத்த ஆட்டிறைச்சி."